பழைய காரின் பாட்டுப் பெட்டி: சரிசெய்வதா, மாற்றுவதா?

கார் வாங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்ஜின் திடமாக இருக்கிறது, ஏ.சி. குளிர்கிறது. பாட்டுப் பெட்டி மட்டும் அடம்பிடிக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமை. சிடியை உள்ளே தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே தள்ளுகிறது. சத்தத்தைக் குறைக்கத் திருகினால் கூடுகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டால், எந்தக் கடையில் கேட்கிறோமோ அதற்கேற்ற பதில் வருகிறது. சர்வீஸ் சென்டரில் "முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும்" என்று தலை சுற்றும் விலை சொல்கிறார்கள். அக்சஸரீஸ் கடையில் "இதையெல்லாம் இப்போது யார் சார் சரிசெய்கிறார்கள், ஒன்பது இஞ்ச் திரை போட்டுவிடலாம்" என்கிறார்கள். இரு தரப்பும் செட்டைக் கழற்றிப் பார்த்திருப்பதில்லை.

எனக்கும் இது நடந்தது. 2009-இல் வாங்கிய சிறிய கார். முன் இடது ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடியது. ஒரு கடையில் செட்டுக்குள் ஐ.சி. போய்விட்டது என்று புது செட்டுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் நிறுத்திப் பாட்டைப் போட்டுவிட்டுக் கதவை மெல்லத் திறந்து மூடிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருக்கும்போது ஸ்பீக்கர் பாடியது, மூடினால் அடங்கியது. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருந்தது. தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் 350 ரூபாய்க்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதன்பின் அந்தச் செட் ஆறு ஆண்டுகள் பாடியது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

விலையைக் கேட்பதற்கு முன் ஐந்து விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, எது கெட்டது. செட்டா, ஸ்பீக்கரா, ஒயரா, ஆன்டெனாவா? இதற்குத் தனிப் பகுதியே வேண்டும்; அடுத்து வருகிறது.

இரண்டாவது, செட் காரோடு எந்த அளவுக்குப் பிணைந்திருக்கிறது. நம் ஊரில் "கம்பெனி செட்" என்று சொல்பவை இரண்டு வகை. பழைய சிறிய கார்கள் பலவற்றில் டேஷ்போர்டில் ஒரு வெற்றுப் பொந்துதான் வந்தது. விற்ற டீலரே ஏதோ ஒரு செட்டை அதில் பொருத்திக் கொடுத்தார். அப்படிப்பட்டது 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட சிங்கிள் டின்னாக இருக்கும். உயரம் 100 மி.மீ. என்றால் டபுள் டின். உலகில் பெரும்பாலும் இதே அளவு என்பதால் ஒன்றைக் கழற்றிய இடத்தில் இன்னொன்று அப்படியே உட்காரும். இரண்டாவது வகை, டேஷ்போர்டின் வளைவோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ஸ்டீயரிங்கில் பொத்தான்கள் இருக்கும். சில கார்களில் கடிகாரம், ஏ.சி. நிலை, கார் அமைப்புகள் எல்லாம் அதே திரையில்தான் தெரியும். இந்த வகையைக் கழற்றுவது சட்டையைக் கழற்றுவது போலல்ல, தோலை உரிப்பது போல.

மூன்றாவது, இந்தக் காரை இன்னும் எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள். பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அடுத்த ஆண்டு விற்கப்போகும் காருக்கும், இப்போதுதான் ஆர்.சி. புதுப்பித்த காருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

நான்காவது, உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன. பாட்டு மட்டுமா, கையைத் தொடாமல் போன் பேசுவதா, வரைபடமா, பின்பக்கக் கேமராவா? கடையில் திரையைப் பார்த்தவுடன் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். ஆகவே வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாவது, திரும்பி வர முடியுமா. பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. நான் மற்ற நான்கையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். காரின் மூல ஒயர்களை வெட்டாமல், கப்ளருக்குக் கப்ளர் (ஒயர்க் கொத்தின் முனையில் இருக்கும் செருகி) செருகிச் செய்த வேலையை நாளைக்குப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வேலை காரோடு கடைசிவரை வரும்.

## எது கெட்டது: அரை மணி நேரச் சோதனை

ஒரே ஒரு ஸ்பீக்கர் பாடவில்லை என்றால் செட்டைச் சந்தேகிப்பதைத் தள்ளிப் போடுங்கள். பேலன்ஸையும் (இடம், வலம்) ஃபேடரையும் (முன், பின்) அந்த மூலைக்கே முழுதாகத் திருப்பி, கதவை அசைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்ற முடிந்தால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அதன் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "கரக்" என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் அறுந்துவிட்டது. ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், செட்டின் பின்பக்கத்தில் இடது வலது இணைப்புகளை மாற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊமை மறுபக்கம் போனால் குற்றவாளி செட். அதே பக்கம் நின்றால் ஒயர்.

ஸ்பீக்கர் பாடுகிறது, ஆனால் அடிநாதம் வரும்போது காகிதம் கிழிவது போல் அதிர்கிறது என்றால் கூம்பின் விளிம்பு போயிருக்கும். நுரைப் பொருளாலான விளிம்பு வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற கார்களில் கதவு ஸ்பீக்கர்கள்தான் முதலில் நனைந்த உறுப்புகளில் ஒன்று.

காரை அணைத்துப் போடும்போதெல்லாம் கடிகாரமும் பிடித்து வைத்த நிலையங்களும் மறந்துபோகின்றனவா? அது செட்டின் மறதி நோய் அல்ல. சாவியை எடுத்தபின்னும் செட்டுக்கு மின்சாரம் தரும் ஒயர் ஒன்று உண்டு. பின்னால் பொருத்தும் செட்டுகளில் அது மஞ்சள் நிறம். அதன் பியூஸ் போயிருக்கலாம். பத்து ரூபாய் வேலை.

பென்டிரைவைப் படிக்கவில்லை என்பதும் பாதி நேரம் பழுதல்ல. பழைய செட்டுகள் பெரும்பாலும் ஃபேட் 32 முறையில் வடிவமைத்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். இன்று கடையில் வாங்கும் 64 ஜி.பி. வேறு முறையில் வருகிறது. பழைய 8 ஜி.பி. ஒன்றைத் தேடிச் செருகிப் பாருங்கள்.

இனி செட்டுக்குள்ளேயே இருக்கும் கோளாறுகள். இருபது நிமிடம் பாடிவிட்டு, சூடு ஏறியதும் அடங்கினால் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. அல்லது அதன் ஈயப் பற்று. சத்தத் திருகு தாவினால் திருகுக்குள் தேய்மானம் அல்லது தூசி. பாட்டு வருகிறது, எழுத்து தெரியவில்லை என்றால் திரையின் விளக்கு. சிடியைத் துப்பினால் லென்ஸில் தூசி அல்லது உள்ளிழுக்கும் ரப்பர் உருளை இறுகிவிட்டது. எஃப்.எம். மட்டும் இரைந்தால் கூரையில் ஆன்டெனா கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கார் கழுவும் இடத்தில் கழற்றியதை மாட்டாமல் விட்டிருப்பார்கள்.

## வழி 1: இருக்கும் செட்டைப் பழுது பார்ப்பது

மேலே சொன்னவற்றில் சிடியைத் தவிர மற்ற எல்லாமே பழுது பார்க்கத் தக்கவை. ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.க்கள் பல செட்டுகளுக்கும் பொதுவானவை, டி.டி.ஏ. 7388 போன்றவை நிறுவன வேறுபாடின்றிப் பல பெட்டிகளுக்குள் இருக்கும். சென்னையில் ரிச்சி தெருவிலும் அதைச் சுற்றியும் உதிரிகள் கிடைக்கும். போலி ஐ.சி.க்களும் அதே தெருவில் கிடைக்கும் என்பதால், போட்டுக் கொடுப்பவரே வாங்கிப் போடட்டும். வேலைக்கு அவர் பொறுப்பாக இருப்பார். கெபாசிட்டர் மாற்றம், ஈயப் பற்றைப் புதுப்பித்தல், திருகுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்தல் எல்லாம் கூலிதான், பொருளுக்குப் பெரிய விலை இல்லை. மொத்தத்தில் 500-இலிருந்து 2,500 ரூபாய்க்குள் முடியக்கூடியவை.

சிடியைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன்: விட்டுவிடுங்கள். லேசர் பகுதி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வேறு செட்டிலிருந்து எடுத்ததுதான். லென்ஸைத் துடைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் போடும் காசு வீண்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. டேஷ்போர்டைப் பிரிக்கும்போது வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும். அதன்பின் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். இரண்டாவது, ஒன்றைச் சரிசெய்த ஆறு மாதத்தில் அதே வயதுடைய இன்னொன்று போகலாம். மூன்றாவது, பூட்டுக் குறியீடு. ஹோண்டா, ஃபோர்டு உள்ளிட்ட சில நிறுவனங்களின் செட்டுகள் பேட்டரி இணைப்பு போய் வந்ததும் குறியீட்டு எண் கேட்கும். அந்த அட்டை வண்டிக் கையேட்டோடு இருக்கிறதா என்று, பேட்டரியைக் கழற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இந்த வழி யாருக்கு? டேஷ்போர்டோடு வார்த்த செட், அதிலும் மற்றக் காட்சிகள் இணைந்த செட் வைத்திருப்பவர்களுக்கு இதுவே முதல் வழி. தனி ஆம்ப்ளிஃபயரும் 4 ஓமுக்குக் குறைந்த ஸ்பீக்கர்களும் கொண்ட போஸ் வகை அமைப்புகளுக்கும் இதுதான். அங்கே ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது ஒத்துழைக்காது.

## வழி 2: செட்டைத் தொடாமல் புளூடூத் சேர்ப்பது

செட் நன்றாகத்தான் இருக்கிறது, சிடி மட்டும் போய்விட்டது, பாட்டெல்லாம் இப்போது போனில் என்றால் இது போதும். வெளியிலிருந்து பாட்டு ஒயரைச் செருகும் ஆக்ஸ் துளை இருந்தால் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் ஒரு புளூடூத் ரிசீவர். போனை சார்ஜ் செய்யும்போது இன்ஜின் வேகத்துக்கேற்ப "ஙொய்" என்று ஓர் இரைச்சல் கேட்டால், எர்த் வழியே ஆல்டர்னேட்டர் பாடுகிறது என்று பொருள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சிறு டப்பா இருக்கிறது. ஆக்ஸ் ஒயரின் நடுவே செருகினால் அடங்கிவிடும். கேசட் செட் வைத்திருப்பவர்கள், சிரிக்க வேண்டாம், கேசட் வடிவ அடாப்டரைத் தள்ளினால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட நன்றாகவே பாடும்.

அந்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைசிப் புகலிடம். நம் எஃப்.எம். அலைவரிசை 87.5-இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. சென்னையில் 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாக நிலையங்கள் உட்கார்ந்திருக்கின்றன. காலியான இடம் தேடி வைத்தால் இரண்டு ஊர் தாண்டியதும் அங்கே வேறொருவர் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்து லேனில் வரும் காரிலும் அதே கருவி இருந்தால் அவர் வீட்டு ரசனையும் உங்கள் காருக்குள் வரும்.

ஆக்ஸ் இல்லாத செட்டுக்குள் சிடிக்கான பாதையில் புளூடூத் பலகையைப் பற்றவைத்துத் தரும் கைத்தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, பழைய முகம் அப்படியே இருக்கும். நல்ல கை அமைந்தால் எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்; கை சரியில்லை என்றால் இருந்த செட்டும் போகும்.

## வழி 3: பழைய சந்தையில் அதே செட்

சென்னையில் பழைய கார் உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் உங்கள் காரின் அதே செட் ஒன்று தூசி படிந்து கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரித்து மாட்டினால் முடிந்தது. ஸ்டீயரிங் பொத்தான்கள், கப்ளர், டேஷ்போர்டு எல்லாம் பொருந்தும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் செட் எந்த வயதில் செத்ததோ அதே வயதுதான் அதற்கும்.

போகிறவர்கள் பின்பக்கத்து உதிரி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு கப்ளர் மாறியிருக்கும். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, நான்கு பக்கமும் பாடுகிறதா என்று கேளுங்கள். திருகு ஓட்டைகளில் வெண்ணிறப் பூஞ்சையோ துருவோ இருந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டி. குறியீடு கேட்கும் வகை என்றால் குறியீடு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள், திருட்டுப் பொருளை நாமே மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. செவ்ரோலே விற்பனை இங்கே 2017 இறுதியோடு முடிந்தது. ஒருங்கிணைந்த செட் உள்ள இத்தகைய கார்களுக்குப் பழைய சந்தை பல நேரங்களில் ஒரே வழியாகவும் ஆகிவிடுகிறது.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களின் பழைய மூல ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், ஏனென்றால் அப்போது ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை அது. அங்கிருந்து வந்த இன்னொரு பழைய செட்டை மாட்டினாலும் அதே குறை தொடரும். பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு கருவியை ஆன்டெனா ஒயரில் செருகி ஓரளவு சமாளிக்கலாம். பல ஜப்பானிய டொயோட்டாக்களில் செட்டின் அகலம் 180 அல்ல, 200 மி.மீ. என்பதையும் புது செட் வாங்கும்போது நினைவில் வையுங்கள். இரு பக்கமும் பட்டை வைத்து இடைவெளியை மூட வேண்டும்.

## வழி 4: பெயருள்ள நிறுவனத்தின் புது செட்

சோனி, பயனியர், கென்வுட், ஜே.வி.சி. போன்றவை. இதில் இரண்டு படி. சிடி இல்லாத, புளூடூத்தும் யு.எஸ்.பி.யும் கொண்ட சிங்கிள் டின் செட் 5,000-இலிருந்து 9,000 ரூபாய்க்குள். கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள தொடுதிரை டபுள் டின் என்றால் ஏறத்தாழ 15,000-இல் தொடங்கி மேலே போகும்.

தொடுதிரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. வரைபடமும் பாட்டும் போனிலேயே இயங்குகின்றன. செட் வெறும் கண்ணாடி. போனை மாற்றினால் கண்ணாடியில் தெரிவதும் புதிதாகிவிடும். ஆகவே ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் அது பழசாகித் தெரியாது.

அட்டைப்பெட்டியில் "50 வாட் × 4" என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு சிறு கணக்கு போடுவோம். கார் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சத் திறனே பக்கத்துக்கு 26 வாட்தான். நடைமுறையில் அதைவிடக் குறைவு. பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 10 ஆம்பியர். பத்தை 14.4-ஆல் பெருக்கினால் 144. நான்கு ஐம்பது இருநூறு எங்கிருந்து வரும்? இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எல்லோரும் எழுதும் கணக்கு அது. ஆனால் "உங்கள் பழைய செட்டைவிட மூன்று மடங்கு சத்தம்" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். வார்த்த செட்டை எடுத்தால் உங்கள் மாடலுக்கான ஃபிரேம் வேண்டும். ஒயரை வெட்டாமல் செருக ஒரு கப்ளர் ஹார்னெஸ், சில நூறு ரூபாய். ஸ்டீயரிங் பொத்தான்கள் பல கார்களில் ஒரே ஒயரில் வெவ்வேறு மின்தடையை அனுப்பும் எளிய முறை. புது செட் அதைக் கற்றுக்கொள்ளும், அல்லது ஒரு அடாப்டர் போதும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் சாவி திருப்பிய செய்தியே பல மாடல்களில் கேன் பஸ் என்ற, காரின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒயர் வழியாகத்தான் செட்டுக்கு வரும். அங்கே அந்தச் செய்தியைப் புது செட்டுக்கு மொழிபெயர்க்கும் கேன் பாக்ஸ் கட்டாயம். கூரை ஆன்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கும் கார்களில் அதற்குத் தனியே 12 வோல்ட் கொடுக்க வேண்டும். பொருத்துபவர் அதைக் கொடுக்கும் நீல ஒயரை விட்டுவிட்டால் எஃப்.எம். இரைந்துகொண்டே இருக்கும், நீங்கள் புது செட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று காப்பீடு. காரின் விலைப் பட்டியலில் இல்லாத, பின்னால் பொருத்திய மின்னணுப் பொருள்களை ஐ.எம்.டி. 24 என்ற கூடுதல் பிரிவில் சேர்த்தால்தான் பாலிசி அவற்றைக் காக்கும். வழக்கமான கூடுதல் பிரீமியம் பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய் செட்டுக்கு ஆண்டுக்கு 800. சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் வெள்ளம் வந்தாலும் செட்டுக்குக் காசு வராது.

சாதாரண டின் அளவுப் பொந்து உள்ள கார், இன்னும் நான்கைந்து ஆண்டு வைத்திருக்கும் எண்ணம், செட்டின் ஐ.சி. உண்மையிலேயே போய்விட்டது: இந்த மூன்றும் சேர்ந்தால் வேறெங்கும் பார்க்க வேண்டாம். சுழற்றும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டிக்கொண்டே சத்தத்தைக் குறைக்க, கண்ணாடித் திரையில் ஒரு புள்ளியைத் தேடுவதைப் போன்ற தொல்லை வேறில்லை.

## வழி 5: பெரிய திரை ஆண்ட்ராய்டு பிளேயர்

சென்னையில் கார் அக்சஸரீஸ் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கடையிலும் முதலில் நீட்டப்படுவது இதுதான். நியாயமாகச் சொன்னால், இதற்கென்று சில வலுவான காரணங்கள் உண்டு. உங்கள் காரின் மாடலுக்கென்றே வார்த்த ஃபிரேமும் கப்ளரும் சேர்ந்தே வரும். ஆகவே வார்த்த டேஷ்போர்டு உள்ள கார்களில் பெயருள்ள செட்டைவிட அழகாக உட்காரும். பின்பக்கக் கேமராவோடு 6,000-இலிருந்து 12,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். குறுகிய சந்தில் தினமும் காரைப் பின்னால் எடுப்பவருக்குக் கேமரா ஒன்றே அந்தப் பணத்துக்கு ஈடு.

குறைகளைக் கடையில் சொல்ல மாட்டார்கள். உள்ளே இருப்பது மலிவான டேப்லெட் ஒன்றின் மூளை. 2 ஜி.பி. நினைவகத்தில் வரைபடமும் பாட்டும் ஒன்றாக ஓடினால் திணறும். அமைப்புத் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு எண்ணையும் நினைவக அளவையும் அப்படியே நம்ப முடியாது. எஃப்.எம். பெரும்பாலும் பழைய செட்டைவிட மோசமாகவே பிடிக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60, 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மே மாத மதியத்தில் வேலூரில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் திரை பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய மறைசெலவு பேட்டரி. உடனே எழுந்து நிற்பதற்காக இந்தப் பிளேயர்கள் சாவியை எடுத்தபின்னும் முழுதாக அணைவதில்லை, உறங்குகின்றன. உறக்கத்தில் ஒன்று 100 மில்லிஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கார் கிளம்பாது. நல்ல நிலையில் உள்ள காரில், அணைத்த பின்னும் நடக்கும் மின்கசிவு எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பொருத்தி முடித்த அன்றே, காரைப் பூட்டி அரை மணி கழித்து மல்டிமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். எப்போதும் மின்சாரம் தரும் மஞ்சள் ஒயரையும், சாவி போட்டால் மட்டும் தரும் சிவப்பு ஒயரையும் சிலர் ஒன்றாக முறுக்கிவிடுவதும் உண்டு. அப்போது செட்டுக்குச் சாவி எடுத்ததே தெரியாது.

இரண்டு, மூன்று ஆண்டில் காரை விற்கப்போகிறீர்கள், கேமரா வேண்டும், மூல செட் போய்விட்டது என்றால் வாங்கலாம். பத்து ஆண்டு நினைப்பில் வாங்க வேண்டாம்.

## ஸ்பீக்கர் மட்டும்

செட் நன்றாக இருந்து சத்தம் மட்டும் கிழிந்தால், முன் கதவு ஸ்பீக்கர் இரண்டை மாற்றினாலே போதும். ஒரு ஜோடி 2,000-இலிருந்து 4,000 ரூபாய். மூன்று எச்சரிக்கைகள். காந்தத்தின் ஆழத்தை அளந்து வாங்குங்கள். இல்லையென்றால் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டுப் போவார்கள். அதை மறுபடி ஒட்டாவிட்டால் மழைநீர் கதவு அட்டைக்கும் காலடிக்கும் வரும். மூன்றாவது விசித்திரமானது: கம்பெனியின் மெல்லிய காகித ஸ்பீக்கர் குறைந்த திறனிலேயே உரக்கப் பாடும். புது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த திறனுக்கு எவ்வளவு உரக்கப் பாடும் என்ற அளவு, 3 டெசிபெல் குறைந்தாலும் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். பெட்டியில் அந்த எண்ணைப் பாருங்கள், வாட்டை அல்ல. 90-க்கு மேல் இருந்தால் பழைய செட்டுக்கு நல்லது.

## ஒரே பார்வையில்

சென்னை நிலவரத்தில் தோராய விலைகள். பொருத்துக் கூலி, ஃபிரேம், அடாப்டர் தனி.

| வழி | செலவு (ரூபாய்) | திரும்பி வர முடியுமா | எதில் கடிக்கும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பழுது பார்த்தல் | 500–2,500 | தேவையே இல்லை | அடுத்த உறுப்பு போகலாம் | வார்த்த செட், ஒரே ஒரு கோளாறு |
| புளூடூத் சேர்த்தல் | 500–1,500 | ஆம் | இரைச்சல் | செட் நலம், சிடி மட்டும் போனவர் |
| பழைய சந்தை செட் | பேரத்தைப் பொறுத்தது | ஆம் | வெள்ளம், குறியீடு | உற்பத்தி நின்ற மாடல் |
| பெயருள்ள புது செட் | 5,000 முதல் 15,000-க்கு மேல் | ஹார்னெஸ் போட்டால் ஆம் | ஃபிரேம், அடாப்டர், காப்பீடு | 4 ஆண்டுக்கு மேல் வைத்திருப்பவர் |
| ஆண்ட்ராய்டு பிளேயர் | 6,000–12,000 | கப்ளர் இருந்தால் ஆம் | பேட்டரி, வெப்பம் | கேமரா தேவை, குறுகிய காலம் |
| ஸ்பீக்கர் மட்டும் | 2,000–4,000 | ஆம் | ஆழம், மழைநீர் | சத்தம் கிழிபவர் |

## கடையில் சொல்ல வேண்டியவை

பணம் பேசும்போதே "மூல ஒயர் எதையும் வெட்டக் கூடாது, ஹார்னெஸ் போட்டுத்தான் இணைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். "அதற்கு நேரமாகும்" என்பார்கள், ஆகட்டும். ஸ்பீக்கர்களின் மைனஸ் முனைகளைச் சேர்த்து உடலில் எர்த் செய்யக் கூடாது. பழங்கால செட்டுகளில் அது நடந்தது, இன்றைய ஐ.சி. அதில் எரிந்துபோகும். கழற்றிய செட்டையும் அதன் ஃபிரேமையும் திருகுகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். "பழசை வைத்து என்ன செய்வீர்கள், 500 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

ஒயரை ஒட்டுப் போட்டு ஆறு ஆண்டுகள் பாடிய என் செட், ஒரு கோடையில் முதலில் திரை இருண்டு, பிறகு இரண்டு பக்கங்கள் அடங்கி, கடைசியில் முழுதாக நின்றது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். ஐ.சி.யைச் சுற்றிப் பலகையே கருகியிருப்பதைக் காட்டி, "சார், இதற்கு மேல் இதில் காசு போடாதீர்கள்" என்றார், பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை. 2024-இல் ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்ததால் வழி 4-க்குப் போனேன்: திருகு வைத்த சிங்கிள் டின், ஹார்னெஸ், ஃபிரேம், கூலி எல்லாம் சேர்ந்து 9,400 ரூபாய். வரைபடத்துக்குப் போன் தாங்கியே போதும். பழைய செட் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கிறது, உள்ளே சிக்கிய சிடியோடு. காரை விற்கும்போது வாங்குபவரிடம் அதையும் கொடுத்துவிட வேண்டும்.